ஒரே வால், மூன்று வீடு

ரொசெந்தாவுக்கு நன்றி சொல்வதில் கஞ்சத்தனமே கிடையாது. அந்தத் தாராளம்தான் அந்த வருஷம் அவள் தலையிலேயே வந்து விடிந்தது.

பொலிவியாவின் சுரங்க நகரமான ஒரூரோவில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையானால், சோறு போடும் பொருளுக்கெல்லாம் பீர் தெளித்து நன்றி சொல்வார்கள். முதல் வாய் பூமித்தாய்க்கு, இரண்டாவது பொருளுக்கு, மிச்சம் நமக்கு. சுரங்கக்காரன் துளைபோடும் எந்திரத்துக்குத் தெளிப்பான், லாரிக்காரன் டயருக்குத் தெளிப்பான். எம்பிராய்டரிக் கடை வைத்திருக்கும் ஃபெர்மின், தையல் எந்திரத்தின் நான்கு காலிலும் தெளித்துவிட்டு, பக்கத்திலிருக்கும் கணினியின் தலையில் விரலால் இரண்டே சொட்டு வைப்பான். இத்தனை காலமும் அப்படித்தான் நடந்தது. அந்த வருஷம் பிப்ரவரிக்குள் அவனுக்குப் பார்வை சுத்தமாகப் போய்விட்டது. அதனால் அவன் பெண்டாட்டி ரொசெந்தா பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

எந்திரத்துக்கு மனசாரத் தெளித்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள். மூளை வேலையெல்லாம் பார்ப்பது அதுதானே, அதற்குப் போய் இரண்டு சொட்டா என்று தோன்றியது. கால் பாட்டிலைத் தலையோடு கவிழ்த்தாள். கணினி புஸ்ஸென்றது. ஒரு தீய்ந்த வாடை எழுந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஃபெர்மினுக்குத்தான் முதலில் மூக்கில் ஏறியது. "ரொசெந்தா, எதுக்கெல்லாம் ஊத்தினே?" என்றான்.

"மெஷினுக்கு."

"அப்புறம்?"

அவள் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"அடிப்பாவி, அதுக்குமா?"

அவ்வளவுதான். நன்றி சொல்லியே ஒரு கணினியைக் கொன்ற புண்ணியவதி இந்த உலகத்தில் ரொசெந்தா ஒருத்தியாகத்தான் இருப்பாள். வேறு ஊரில் நடக்குமா இது?

போனது வெறும் கணினியாக இருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பாள். விஷயம் அதுவல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால், திருவிழா நெருங்கும் நேரத்தில், ஃபெர்மினுக்குச் சர்க்கரை ஏறி நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் கட்டையாகக் கிடந்தான். சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அன்றைக்கு ரொசெந்தா சுரங்கத்து மாதாவின் முன்னால் மண்டியிட்டு வேண்டிக்கொண்டாள். இவனைத் திருப்பிக் கொடுத்துவிடு, திருவிழாவில் மூன்று வருஷம் விடாமல் உனக்கு ஆடுகிறேன் என்றாள். மாதா கொடுத்துவிட்டாள். கண்ணை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டாள். உயிரைக் கேட்டவள் கண்ணையும் சேர்த்துக் கேட்டிருக்கக் கூடாதா என்று அக்கம்பக்கத்தில் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். ரொசெந்தா கண்டுகொள்ளவில்லை. காலையில் எழுந்தால் பக்கத்துத் தலையணையில் குறட்டை கேட்கிறதா, போதும் என்பாள்.

இரண்டு வருஷம் ஆடியாகிவிட்டது. இது மூன்றாவது. நடுவில் விட்டால் நேர்த்தி முறிந்துபோகும், ஆடிய இரண்டும் கணக்கில் வராது. ஆட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. மொரெனாதா என்ற இந்த ஆட்டத்தை ஆடும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஒரு கூட்டத்தில் எல்லோர் தோளிலும் ஒரே சால்வை, ஒரே பூவேலை இருக்கவேண்டும். சால்வை இல்லாத கூட்டத்தை ஊர்வலத்துக்குள் விடமாட்டார்கள். ரொசெந்தாவின் கூட்டத்துக்கு ஃபெர்மின்தான் வருஷா வருஷம் வேலைப்பாடு போட்டுத் தருவான். இந்த வருஷத்துக்கானதை, கண் மங்கிக்கொண்டே வந்த மாதங்களில், திரையில் மூக்கு உரச உட்கார்ந்து போட்டு முடித்திருந்தான். ஊரை ஒட்டிய ஊறு ஊறு ஏரியும் அதன் பூநாரைகளும் என்று மட்டும் சொல்லியிருந்தான். காகிதத்தில் வரையவில்லை. ஒருவரையும் படம் எடுக்கவும் விடவில்லை. அவர்கள் கடை இருக்கும் லா பாஸ் தெருவில் பாதிக் கடைகள் எம்பிராய்டரிக் கடைகள். ஊர்வலம் வரைக்கும் அவனவன் ஜன்னலுக்குத் திரை போட்டுத்தான் வேலை செய்வான். பெண்டாட்டியிடமே காட்டாதவன் ஊருக்கா காட்டுவான்? நாளைக்கு முதல் சால்வை தைக்கலாம் என்றிருந்த நேரத்தில்தான் பீர் விழுந்தது.

ரொசெந்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஃபெர்மின்தான் சொன்னான், மாதா படத்தின் பின்னால் கை விட்டுப் பார் என்று. சிவப்பு ரிப்பனில் ஒரு பென் டிரைவ் தொங்கியது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு நகல் எடுத்து அங்கே மாட்டியிருக்கிறான். ரொசெந்தா அதை முத்தமிட்டாள். அப்புறம் அவனையும்.

பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு வால்தோ மமானியிடம் ஓடினாள். மகளுக்கு ஞானத்தகப்பன், அதனால் அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள், அவர் அவளைக் கொமாத்ரே என்பார். நகராட்சிக்குக் கட்டட வரைபடம் போடுகிறவர், தங்கமான மனுஷர். தன் மடிக்கணினியில் செருகினார். உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தது. பெயரின் முடிவில் ஒரு புள்ளி, அதன் பின்னால் டி, எஸ், டி என்று மூன்று எழுத்து. பக்கத்தில் அவர் தினமும் பார்க்கும் வரைபட மென்பொருளின் சின்னம். அட, இது நம்ம வீட்டுப் பிள்ளையாச்சே என்று குஷியாகத் தட்டினார். மென்பொருள் திறந்தது, கொஞ்ச நேரம் முழித்தது, இந்தக் கோப்பு சரியில்லை என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. மறுபடி தட்டினார், மறுபடி அதே பாட்டு.

வால்தோவின் முகம் தொங்கிப்போனது. ஃபைல் கெட்டுப்போச்சு போலிருக்கு கொமாத்ரே, ரிப்பேர் பண்ணி என் ப்ரோக்ராமிலேயே புதுசா சேமிச்சுப் பார்க்கட்டுமா என்று நல்லெண்ணத்தோடு கேட்டார். இருந்த ஒரு கணினியை நல்லெண்ணத்தால் கொன்றவள் ரொசெந்தா. இன்னொரு நல்லெண்ணத்தைத் தாங்கத் தெம்பில்லை. வேண்டாம், ஒன்றையும் தொடாதீர்கள் என்று பென் டிரைவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். மனசு கேட்காமல் வால்தோவும் கூடவே கிளம்பினார். சந்தை முனையில் இணையக் கடை வைத்திருக்கும் யெனியிடம் போனார்கள்.

யெனி நாற்பது தாண்டியவள், அள்ளி முடிந்த கொண்டையும் வெடுக்கென்ற வாயுமாக இருப்பாள். இவர்கள் போனதும் முதல் வேலையாகக் கோப்பை நகல் எடுத்தாள். நோண்டுவதெல்லாம் நகலில், மூலத்தில் கை வைக்கக் கூடாது என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே ரொசெந்தாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா?" என்று யெனி கேட்டாள்.

வால்தோ தன் மென்பொருள் சொன்னது என்றார்.

"அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உங்க கம்ப்யூட்டர் உள்ள என்ன இருக்குன்னு பார்க்காது மமானி. ஃபைல் பேரோட வாலைப் பார்த்துட்டு, இன்னார் வீட்டு ஆளுன்னு அங்க தள்ளி விட்டுடும். வாலை யாரு வேணா வச்சுக்கலாம், பட்டா போட்டுக் கொடுக்க ஆளில்ல." தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், இந்த மூன்றெழுத்தை ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத மூன்று வீட்டார் வைத்திருக்கிறார்கள் என்று. வரைபடத் தாள்களைக் கட்டாகக் கட்டி வைக்கும் மென்பொருள் ஒன்று. ஒருவகை இசைத்தட்டில் ஒலியைச் சுருக்கி அடைக்கும் முறை ஒன்று. மூன்றாவது, எம்பிராய்டரி எந்திரம்.

வால்தோவுக்கு ஏறவில்லை. ஒரே பெயரை எப்படி மூன்று பேர் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டார். யெனி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க மமானி. நானும் மமானி. இந்த மார்க்கெட்டுல கல்லை விட்டெறிஞ்சா இன்னொரு மமானி தலையில விழும். நாம என்ன ஒரே பானையிலயா சாப்பிடறோம்?"

வால்தோ வாய்விட்டுச் சிரித்தார். அவர் மென்பொருளும் பாவம், தெரியாத வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் உட்காரவைத்தால் அது என்னதான் செய்யும்? ரொசெந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் இது எந்த வீட்டுப் பிள்ளை என்று எப்படித் தெரியும் என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தால் தெரியும் என்று சொல்லி, வெறும் எழுத்தை மட்டும் காட்டும் ஒரு சாதாரண மென்பொருளில் யெனி அந்த நகலைத் திறந்தாள். திரை முழுக்கக் கிறுக்கல் கொட்டியது. ஆனால் தலைப்பில் மட்டும் படிக்கிற மாதிரி சில வரிகள் இருந்தன. எத்தனை தையல், எத்தனை முறை நூல் மாற்றவேண்டும் என்று எண்கள். அவற்றுக்கெல்லாம் மேலே, வேலைப்பாட்டின் பெயர் எழுதும் இடத்தில், ரொசெந்தா என்று இருந்தது.

ரொசெந்தா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இத்தனை வருஷத்தில் அவன் மயில் என்று பெயர் வைத்ததுண்டு, ரோஜா என்று வைத்ததுண்டு. அவள் பெயரை வைத்து அவள் பார்த்ததில்லை. கடையில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். யெனி காசு வாங்க மாட்டேன் என்றாள். சால்வையை ஊர்வலத்தில் பார்த்துக்கொள்கிறேன், போ என்றாள்.

கோப்பு உயிரோடு இருக்கிறது. சரி, அதை எங்கே கொண்டுபோய்த் தைப்பது? அவர்கள் எந்திரம் அரதப் பழசு. கம்பி வழியாகக் கணினி சொல்லச் சொல்லத்தான் தைக்கும். சொல்ல வேண்டியது செத்துக் கிடக்கிறது, அந்தப் பழைய கம்பியைச் செருகும் இடம் இப்போதைய கணினிகளில் கிடையாது. தெருவில் மற்றவர்கள் எல்லாம் கை ஊசிக்காரர்கள். கணினி எந்திரம் இருக்கும் இன்னொரு கடை ஒன்றே ஒன்றுதான். நேர் எதிரே. ஊரே தொன் என்று மரியாதையாக அழைக்கும் இலாரியோனின் கடை.

ஃபெர்மினும் இலாரியோனும் எலியும் பூனையும். ஒரு வருஷம் இரண்டு பேர் கூட்டமும் ஒரே மயிலைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் வந்து நின்றது. நீ திருடினாய் என்று இவன், நீ திருடினாய் என்று அவர். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. தெருவைக் கடக்கும்போதுகூட ஒருவர் நிழல் இன்னொருவர் மேல் படாது.

செத்தாலும் அவன் வாசல் மிதிக்கமாட்டேன் என்றான் ஃபெர்மின்.

"ஏற்கெனவே ஒரு தடவை செத்துப் பார்த்துட்டே. திருப்பி வாங்கினவ நான், ஆடித் தீர்க்க வேண்டியவளும் நான்," என்று சொல்லிவிட்டு ரொசெந்தா தனியாகவே தெருவைக் கடந்தாள்.

இலாரியோன் கதவைப் பாதி திறந்து, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஊர்வலத்துக்கு முன்னால் எதிரியின் வேலைப்பாடு தானாகக் கைக்கு வருகிறது. யாராயிருந்தாலும் நாக்கு ஊறும். இருந்தும் அவள் பென் டிரைவை நீட்டினாள். அவர் எந்திரம் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டது. திரையில் ஏரி விரிந்தது. நாரை இரண்டு, நாணல், தூரத்தில் மலை. ஆனால் நாரை பச்சையாக இருந்தது, ஏரி மஞ்சளாக, நாணல் நீலமாக இருந்தது. கண்ணவிந்த மனுஷன் என்ன கோலம் பண்ணி வைத்திருக்கிறான் என்று ரொசெந்தா பதறிப்போனாள்.

"தோன்யா ரொசெந்தா, பதறாதீங்க," என்று மரியாதையாகச் சொன்னார் இலாரியோன். "இந்த ஃபைல்ல நிறமே இருக்காது. ஊசி எங்க போகணும், எங்க நிக்கணும், அதுதான் இருக்கும். நின்ன இடத்துல எந்த நூல்னு ஆள்தான் சொல்லணும். மெஷின் சும்மா கைக்கு வந்த நிறத்தைக் காட்டுது."

எந்த நூல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எந்திரம் நிற்கும்போதெல்லாம் ஃபெர்மின் சொல்லுவான், அவள் கோர்ப்பாள். அதுதான் அவர்கள் குடும்பம் நடந்த விதம். நிறம் முழுவதும் அவன் தலைக்குள் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பி அதைச் சொன்னாள். உன் நாரை அங்கே பச்சையாக நிற்கிறது என்றாள். ஃபெர்மின் அப்படியே எழுந்து கோட்டைத் தேடினான். எதிரி வாசலை மிதிப்பதைவிடப் பச்சை நாரையைப் பொறுத்துக்கொள்வது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தான். இந்தமுறை இலாரியோன் கதவை முழுசாகத் திறந்தார். வாசற்படியைக் காட்டிச் சொன்னார்.

"படி இருக்கு. பார்த்து வா."

"பார்த்து வர முடிஞ்சா உன் வீட்டுக்கு ஏன் வர்றேன்?" என்றான் ஃபெர்மின்.

இலாரியோன்தான் முதலில் சிரித்தார். நாற்காலியை எந்திரத்தின் பக்கத்திலேயே இழுத்துப் போட்டார்.

எந்திரம் ஓட ஆரம்பித்தது. ஃபெர்மின் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நீளத் தையல் ஒரு சத்தம், நெருக்கிப் போடும் தையல் வேறு சத்தம். இது மலை, சாம்பல்லயே ஓடட்டும் என்றான். நின்றது. அடுத்தது நாணல், காய்ஞ்ச பச்சை, புதுப் பச்சை வேண்டாம் என்றான். ரொசெந்தா கோர்த்தாள். இலாரியோனுக்கு நம்பிக்கை வரவில்லை. இப்ப எங்கே போகுது சொல்லு என்று சீண்டினார். வலது நாரையோட கழுத்து, வளைவுல ஏறுது, உன் மெஷின் நூலை இழுத்துப் பிடிக்குது, கொஞ்சம் தளர்த்து என்றான் ஃபெர்மின். இலாரியோன் குனிந்து பார்த்தார். நூலைத் தளர்த்தினார்.

நாரைக்கு இளஞ்சிவப்பு, சிறகடியில் ரத்தச் சிவப்பு, மூக்கு நுனியில் கறுப்பு. மெரூன் துணியின் மேல் ஏரி ஒவ்வொரு நிறமாக எழுந்துவந்தது. வேலை நடுவில், அந்த மயில் என்னுடையதுதான் என்று ஃபெர்மின் ஒரு தரம் சொன்னான். என்னுடையது என்றார் இலாரியோன். அதற்குமேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. இன்றைக்கும் அது யாருடைய மயில் என்று யாருக்கும் தெரியாது.

கடைசி முறையாக எந்திரம் நின்றது. நாரைகளின் காலடியில் ஓடும் தண்ணீர் மட்டும் பாக்கி. ரொசெந்தா காத்திருந்தாள்.

"என்ன நிறம்?" என்றாள்.

"தெரியாது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி போடும்போது திரை வெள்ளையாப் போச்சு எனக்கு. கோடு மட்டும் கைப்பழக்கத்துல போட்டுட்டேன். நிறத்தை நினைக்கவே இல்ல. இத்தனை வருஷம் நான் சொன்னேன், நீ கோர்த்தே. இதை நீ சொல்லுன்னுதான் உன் பேரைப் போட்டேன்."

ரொசெந்தா நூல் அலமாரியின் முன்னால் போய் நின்றாள். நீலத்தில் எத்தனையோ இருந்தன. ஒன்றும் ஒட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இவனை வீட்டுக்குக் கூட்டிவந்த சாயங்காலம், பஸ் ஏரிக்கரை வழியாக வந்தது. அன்றைக்குத் தண்ணீர் நீலமாக இல்லை. வெயில் சாய்ந்து, தண்ணீர் முழுக்க ஒரு மங்கின ஊதா பளபளத்துக்கொண்டிருந்தது. ஃபெர்மின் அப்போது ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் அவன் மூச்சையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இதை அவனிடம் சொன்னாள். அந்த நிறம் அலமாரியில் இல்லை என்றும் சொன்னாள்.

இலாரியோன் தொண்டையைச் செருமினார். திரைக்குப் பின்னால் போனார். தன் கூட்டத்துக்காக ரகசியமாக வரவழைத்திருந்த நூலிலிருந்து ஓர் உருளையை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். அதேதான். மங்கின ஊதா, வெளிச்சத்தில் வெள்ளி.

உங்கள் கூட்டம் சும்மா விடுமா என்று கேட்டாள். இரண்டு கூட்டமும் மறுபடி ஒரே மாதிரி வந்தால் ஊர் சிரிக்குமே என்றாள்.

"ஒரு கோடுதானே. சிரிக்கட்டும்," என்றார் இலாரியோன். "மயிலுக்கே சிரிச்சாங்க."

ஒவ்வொரு சால்வையும் அவர் எந்திரத்தில்தான் தைத்து முடிந்தது. முடிந்த அன்று பென் டிரைவைக் கழற்றி ரொசெந்தாவிடம் கொடுத்து, தன் எந்திரத்தில் இருந்ததை அவள் கண்முன்னாலேயே அழித்தார். அவளுக்குத் தாங்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பீரைத் திறந்து எழுந்தாள். இவ்வளவு செய்த எந்திரத்துக்கு எப்படி நன்றி சொல்லாமல் போவது? பாட்டில் மூடி கழன்ற சத்தம் கேட்டதும் ஃபெர்மினும் இலாரியோனும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"தரையில."

தரையிலேயே ஊற்றினாள், எந்திரத்துக்கு எட்டாத மூலையில்.

ஊர்வலத்தன்று மழை தூறியது. ரொசெந்தாவின் கூட்டம் கிலுகிலுப்பைச் சத்தத்தோடு தெருத்தெருவாக ஆடிப் போனது. சந்தை முனையில் யெனியும் வால்தோவும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கோயில் வாசலில் எல்லோரும் மண்டியிட்டு, முழங்காலாலேயே மாதாவின் காலடி வரை போனார்கள். மூன்றாவது வருஷம் முடித்தவள் புதிதாக ஒன்று கேட்டுக்கொள்ளலாம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. கண்ணைக் கேள் என்று வருகிற வழியெல்லாம் ஆள் ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரொசெந்தா நன்றிதான் சொன்னாள். ஃபெர்மினுக்கு, யெனிக்கு, வால்தோவுக்கு, இலாரியோனுக்கு, செத்துப்போன கணினிக்கும் சேர்த்துச் சொன்னாள். பின்னால் வருகிறவர்கள் நெருக்கியதால் எழுந்துகொண்டாள். வெளியே வந்தபிறகுதான், கண்ணைக் கேட்கவே மறந்துவிட்டோம் என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். பரவாயில்லை என்று இருந்தது.

வாசல் பெஞ்சில் ஃபெர்மின் இலாரியோனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் குனிந்து தோளைக் காட்டினாள். நனைந்த சால்வையின் மேல் அவன் விரல் மெல்ல ஊர்ந்தது. மலை ஏறி, நாணல் தாண்டி, நாரையின் கழுத்தில் இறங்கி, காலடிக்கு வந்தது. அங்கே நூல் வழவழப்பாக இருந்தது. விரல் அந்தக் கோட்டோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் போயிற்று.

"அன்னைக்கு பஸ்ல நான் தூங்கிட்டேன், இல்ல?" என்றான்.

"ஆமா."

"இப்ப பார்த்துட்டேன்," என்றான் ஃபெர்மின்.